பத்து லட்சத்து ஒரு தாமரை

பனி விலகாத பெரிய ஏரி ஒன்றின் கரையில் அல்லிமாநகர் இருந்தது. அதை ஆண்ட அரசி வேண்மாளின் கணவன் கப்பலேறிப் போய் மூன்று ஆண்டுகளாகத் திரும்பவில்லை. ஒரு விடியலில் அவள் கனவு கண்டாள். ஏரி முழுக்க வெண்தாமரைகள், பிசகாத வரிசைகளாக. அவற்றினூடே அவன் நடந்து வருகிறான். பூக்கள் பத்து லட்சத்து ஒன்று என்று யாரோ அவள் காதில் சொன்னார்கள்.

நாடெங்குமிருந்து ஓடங்களில் அத்தனை பூக்களும் வந்தன. ஆனால் வரிசைகள் எத்தனை என்பது அரசிக்கு நினைவில்லை. இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாக வைத்தாலும் ஏழேழாக வைத்தாலும் இரண்டு மிஞ்சின. பொழுது சாய்ந்தால் இதழ்கள் கூம்பிவிடும்.

“எல்லாப் பூவும் ஒற்றை வரிசையில் வேண்டாம். வரிசைக்கு ஒற்றைப் பூவும் வேண்டாம். எத்தனை வரிசை வைத்தால் மிச்சம் வராது என்று கண்டு சொல்பவர் கேட்டதைத் தருவேன்” என்றாள்.

உச்சிவேளை வரை யாரும் சொல்லவில்லை. “இது எதற்கும் பிரியாத எண் போலும். பூக்களைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அரசி எழுந்துவிட்டாள்.

“பொறுங்கள் தாயே” என்றார் அரண்மனைக் கணியர் கோடனார். “பத்து லட்சம் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதை, குறுக்கு வழியில், இவ்வெண்ணால் வகுத்து மீதி பார்த்தேன். பிரியாத எண்ணானால் முடிவில் ஒன்று மிஞ்சியிருக்கும். மிஞ்சியது ஒன்றல்ல. இது நிச்சயம் பிரியும்.”

“எதனால் பிரியும்?”

“அது தெரியவில்லை.”

பூ இறக்கிக்கொண்டிருந்த பெண்களில் எயினி என்பவள் நிமிர்ந்தாள். அரசன் போன கப்பலில் துடுப்புப் போட்டவனின் மனைவி அவள்.

“நூற்றொரு வரிசை அம்மா. அந்தக் கனவு எனக்கும் வந்தது. எங்க வீட்டுக்காரரை ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். நூற்றொன்றாவதோடு ஏரி முடிந்துவிட்டது.”

சிலர் சிரித்தார்கள். ஓடக்காரன் சாத்தன் சிரிக்கவில்லை. ஈர மணலில் குச்சியால் கணக்கிட்டான்.

“வரிசைக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. நூறு வரிசைக்கு ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நூறு. இன்னும் ஒரு வரிசை சேர்த்தால் சரியாக வருகிறது, அரசி!”

பொழுது சாயுமுன் வரிசைகள் நின்றன. அரசி அவற்றினூடே ஓடத்தில் அக்கரைவரை போனாள். யாரும் வரவில்லை. மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அவள் வாய்விட்டு அழுதாள்.

பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தாள்.

“நான் தடுத்திராவிட்டால் பூக்கள் திரும்பிப் போயிருக்கும்” என்றார் கோடனார்.

“எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சரியென்று காட்டியவன் நான்” என்றான் சாத்தன்.

எயினி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களே, இந்த மூவரில் பரிசு யாருக்கு உரியது?

விடை: எயினிக்கு. பிரிக்க வழி உண்டு என்றார் கோடனார்; அது எங்கே என்று அவருக்குத் தெரியாது. நூற்றொன்று என்று கேட்டபின், பெருக்கத் தெரிந்த எவரும் சாத்தன் செய்ததைச் செய்திருப்பார். வகுக்கும் எண் கணக்கில் கிடைத்ததா, கனவில் கிடைத்ததா என்று எந்த எண்ணும் கேட்பதில்லை. சரியானதைக் கண்டால் பிரிந்து கொடுத்துவிடும். அரசியும் அப்படியே தீர்ப்புச் சொன்னாள். எயினி கேட்டது ஒன்றுதான்: அந்தக் கப்பலில் போன துடுப்புக்காரர் எல்லோருடைய பெயர்களையும் அரசி தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். அரசிக்கு ஒரு பெயரும் தெரிந்திருக்கவில்லை. எயினியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள்.