ஜலதாரை மேல் உட்கார்ந்த சிங்கம்

திருவையாற்றுப் பக்கத்து மிராசுதார் வைத்திலிங்கம் ஒரு கல் சிங்கத்தை வாங்கிவந்து வீட்டு முற்றத்தின் மூலையில் வைத்தார். அது உட்கார்ந்தது மழைத்தண்ணீர் வெளியேறும் ஜலதாரையின் மேல். அன்றிலிருந்து மழை பெய்தால் முற்றம் குளம்தான். தண்ணீர் சமையல்காரி செங்கமலத்தின் அறைக்குள் புகுந்து, காய்ச்சலில் கிடந்த அவள் புருஷனின் பாயை நனைத்தது.

“சிங்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினா போதும், எசமான்” என்றாள் அவள்.

“நான் வச்சது வச்ச இடத்துலதான் இருக்கும்! நாளைக்கு என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. முற்றத்துல தண்ணி நின்னா, நீ இந்த வீட்டுல நிக்க வேண்டாம்” என்று கத்தினார் மிராசுதார்.

செங்கமலம் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு வெளியே ஊற்றினாள். மறுநாள் பெய்த மழை முற்றத்தை மறுபடியும் நிரப்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் புடவையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“தண்ணி ஏன்டி இன்னும் போகலை?” என்று உறுமினார் மிராசுதார்.

“போகத்தான் கிளம்பிச்சு, எசமான். வழியில சிங்கம் உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துப் பயந்து நிக்குது. நான் சொன்னா சிங்கம் கேக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுந்துக்கும்.”

மாப்பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மிராசுதாருக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆட்களைக் கூப்பிட்டார். சிங்கம் நகர்ந்ததும் தண்ணீர் களகளவென்று ஓடி மறைந்தது.

காபி கொடுக்கப் போன செங்கமலம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சிரிக்கலைன்னா என் வேலை போயிருக்கும், அம்மா. என் வீட்டுக்காரர் இனிமே ஈரத்துல படுக்க வேண்டாம்.”

“நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்” என்றாள் அந்த அம்மாள். “உள்ளே வந்து, தண்ணியில உட்கார்ந்திருந்த அந்தச் சிங்கத்தைப் பார்த்ததிலிருந்து சிரிப்பை அடக்க முடியாமத் தவிச்சுக்கிட்டிருந்தேன்.”