மடத்துப் படித்துறைக்குக் கீழே

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மதியப் பந்தி முடிந்து சுவாமி இலையில் உட்காரும் முன், சீடர் ஒருவர் வாசலுக்குப் போய், "பசியோட யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். இருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் சாப்பிட்ட பிறகுதான் சுவாமி சாப்பிடுவார்.

அன்று சீடர் சென்னியப்பன் பின்வாசலில் நின்று குரல் கொடுத்தார். அங்கே ஒரு மாடு மட்டும் நின்றது.

"யாரும் இல்லைங்க சாமி."

"முன்வாசல்ல?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "அந்தப் புள்ள உக்காந்திருக்குதுங்க."

நிறைமதிக்குப் பதினாறு வயது. ஆற்றோரக் காலனியில் இருப்பவள். சாயப்பட்டறைக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று ஒரு வருடமாக ஊர் ஊராகப் பேசி வந்தாள். இப்போது பட்டறையை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அன்று மாலை. சுவாமி அங்கே வந்து பேச வேண்டும் என்று கேட்டு, காலையிலிருந்து மடத்து வாசலில் பட்டினியாக உட்கார்ந்திருந்தாள்.

மடத்துக்கு அரிசி அனுப்புகிறவர் அந்தப் பட்டறை முதலாளிதான். தினமும் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். காலனிக் குழந்தைகளும் அதில் உண்டு.

சுவாமி எழுந்து முன்வாசலுக்கு வந்தார். சென்னியப்பன் முந்திக்கொண்டார்.

"ஏம்புள்ள, பட்டறை வாசல்ல போய் உக்கார்றதுதானே? இங்க என்ன?"

"அங்க உக்காந்தாச்சுங்க. அவங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீங்க யாருன்னு தெரியல. அதான் வந்தேன்."

"வாயப் பாரு. உன் தம்பி தினமும் இங்கதான் சாப்பிடறான், தெரியுமில்ல?"

"தெரியுங்க. ரசம் நல்லா இருக்குதுன்னு சொல்லுவான்."

சுவாமிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டார். "நானும் தினமும் ஆத்துலதான் குளிக்கிறேன் கண்ணு. தண்ணி தெளிவாத்தானே இருக்குது?"

"உங்க படித்துறையில தெளிவாத்தாங்க இருக்கும் சாமி. கழிவுக் குழாயை, தண்ணி ஓடற பக்கமா, அதுக்குக் கீழ கொண்டுபோய் வெச்சிருக்காங்க. உங்களுக்குக் காட்டற மரியாதைங்க அது. நாங்க குழாய்க்கும் கீழ இருக்கோம்."

சுவாமி திரும்பிப் பார்த்தார். சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"குழாய் போட்டப்பவே முதலாளி சொன்னாருங்க. சாமி குளிக்கிற இடத்துக்கு ஒரு குறையும் வராதுன்னு. எவ்வளவு பக்தின்னு நெனச்சுக்கிட்டேன்."

சுவாமி ஆற்றுக்கு இறங்கினார். மடத்துப் படித்துறையில் நிற்காமல் கரையோடு நடந்தார். குழாயைத் தாண்டி, காலனித் துறைக்குப் போனார். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பதறினாள். "இறங்காதீங்க சாமி! உடம்பெல்லாம் அரிக்கும். ஆடுகூட இதுல வாய் வெக்காது."

சுவாமி இறங்கி ஒரு முழுக்குப் போட்டார். கரையேறியபோது காவி வேட்டியில் திட்டுத் திட்டாக நீலம் ஏறியிருந்தது.

"கூட்டம் எங்கம்மா?" என்று நிறைமதியிடம் கேட்டார்.

"சமுதாயக் கூடத்துலங்க சாமி."

"வா, போலாம்."

சென்னியப்பன் வழியை மறித்து நின்றார்.

"சாமி, கொஞ்சம் யோசிங்க. நீங்க அங்க பேசினா நாளைக்கு அரிசி வராது. இருநூறு பேர் வந்து நிப்பாங்க. இந்தப் புள்ளையோட தம்பியும் நிப்பான். அவங்ககிட்ட நான் என்னங்க சொல்லுவேன்?"

நிறைமதி சுவாமியையே பார்த்தாள்.

"சோறு இல்லைன்னு சொல்லு," என்றார் சுவாமி. "ஏன் இல்லைன்னும் சொல்லு."

ஈர வேட்டியோடு நாலடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"இத்தனை நாள் ஏன் இருந்துச்சுன்னும் சொல்லு."