அருமைநாயகம் வைத்த பாஸ்தா விருந்து

கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரு பெருமை உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு சொல் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அதனாலேயே அந்தத் தெருவில் யாரும் அவர்களிடம் லேசில் எதுவும் சொல்வதில்லை.

மூத்தவர் திரவியம், நடுவில் பிச்சைக்கனி, கடைசி அருமைநாயகம். அருமைநாயகத்துக்குத்தான் இப்போது பெண் அமைந்திருந்தது. அதாவது, முக்கால்வாசி அமைந்திருந்தது. பெண் பெயர் மதிவதனி. ஊர் விளாத்திகுளம், வேலை பெங்களூரில். போனில் பேசும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வேலை முடிஞ்சு வந்தா நான் பாஸ்தாதான் வேக வச்சுச் சாப்பிடுவேன். அதையாவது செய்யத் தெரிஞ்சவரா இருந்தாப் போதும். ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பாவோட வாரேன். வீட்டு ஆம்பளைங்களே சமைங்க. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு முன் வந்து பார்த்த பெண் வீட்டார் எல்லாம் வாசல்படி இறங்கியதுமே மனசை மாற்றிக்கொண்டவர்கள். ஏன் என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், திரவியத்தின் மனைவி சொர்ணம் மூவரையும் அடுப்படியில் நிறுத்தி வைத்துச் சொன்னாள். பிள்ளைகளுக்காக அவள் அடிக்கடி செய்கிற சாப்பாடுதான்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. பெரிய பானையில தண்ணி கொதிக்கட்டும். உப்பு போடுங்க, கடல் தண்ணி மாதிரி கரிக்கணும். பாஸ்தா வெந்துச்சான்னு பாக்க எடுத்துச் சுவத்துல எறிங்க. ஒட்டுனா வெந்துருச்சு. தக்காளியும் பூண்டும் வதக்குறது சின்னத் தம்பி பாத்துக்கிடட்டும். தம்பி, சட்டியில இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தீங்க, அடி பிடிச்சிரும். கடைசியில மேல சீஸைத் தூவிருங்க."

சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அண்ணே, கடல் தண்ணின்னா எந்தக் கடல்?" என்றான் பிச்சைக்கனி.

"அதான் எனக்கும் ஓடுது. திருச்செந்தூர் கடல் வேற, தூத்துக்குடிக் கடல் வேற."

"ராமேஸ்வரத்துல ரெண்டு கடல் இருக்காம்ல?"

"அதை இதுல இழுக்காத. பொண்ணு எந்த ஊரு? விளாத்திகுளம். அவங்களுக்குப் பக்கம் வேம்பார்க் கடல். அவங்க நாக்குக்கு அந்த உப்புத்தான் தெரியும்."

பிச்சைக்கனி பைக்கில் வேம்பாருக்குப் போய், ஒரு பாட்டில் நிறையக் கடலோடு மத்தியானம் திரும்பினான். திரவியம் பானைத் தண்ணீரில் உப்பைப் போட்டார். அதில் ஒரு கரண்டி, கடலில் ஒரு வாய் என்று மாறி மாறிக் குடித்துப் பார்த்தார். போதாது என்றார். இன்னும் போட்டார். மறுபடி இரண்டையும் குடித்தார். பொழுது சாயும் நேரத்தில் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினார்.

"கடல் தீந்துருச்சுடா."

"திரும்பப் போயிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். இப்ப எனக்கு எதைக் குடிச்சாலும் கடல் மாதிரித்தான் இருக்கு. சரியாத்தான் இருக்கும்."

பாஸ்தாவைப் பானையில் போட்டார்கள். நூல்கண்டைப் பிரித்துப் போட்டதுபோல் நீள நீளமாக இருந்தது. பக்கத்து அடுப்பில் அருமைநாயகம் பூண்டைப் போட்டுச் சட்டியைப் பார்க்க ஆரம்பித்தான். அதன்பின் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் அவன் காதால் கேட்டதுதான்.

அடுப்படிச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருந்தது. "டைல்ஸ்னு சொல்லலை, சுவர்னுதான் சொன்னா" என்று திரவியம் பானையை முன்னறைக்குத் தூக்கிப் போனார். பெண் வருகிறாள் என்று அங்கே போன வாரம்தான் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது.

சொத்தென்று ஒரு சத்தம்.

"ஒட்டிருச்சு," என்றான் பிச்சைக்கனி.

"அப்ப முடிஞ்சதுல்ல?" என்று அருமைநாயகம் சட்டியிடம் கேட்டான்.

"எப்படி முடியும்? இது வெந்துருச்சு. மத்தது வெந்துச்சான்னு உனக்குத் தெரியுமா?" என்றான் பிச்சைக்கனி.

திரவியத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "பொண்ணு வீட்டு விசயம். ஒண்ணு வேகலைன்னாலும் அது போய் அவங்க வாயிலதான் விழும். எல்லாத்தையும் பாத்துரு."

சொத், சொத்தென்று வெகுநேரம் கேட்டது. கீழே விழுந்ததைக் கழுவி மறுபடி வேகவைத்து மறுபடி எறிந்தார்கள். பானை காலியான நேரம் வாசலில் மணி அடித்தது.

கதவு திறந்தது அருமைநாயகத்துக்குக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதி அவனுக்குப் பழக்கமானதுதான். கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க வாங்க," என்றார் திரவியம். "எல்லாம் வெந்துருச்சு. ஒண்ணு விடாமப் பாத்தாச்சு. பிச்சைக்கனி, மேல சீஸைத் தூவச் சொன்னாள்ல?"

"இந்தா ஏறிட்டேண்ணே."

முன்னறைப் பரணில் ஏணி சாயும் சத்தம். பிறகு பெண்ணின் அப்பா இருளப்பசாமியின் குரல்: "தலையில என்னமோ விழுதே."

"சீஸுதான். கொஞ்சம் சுவத்தை ஒட்டி நில்லுங்க, அங்கதான் சாப்பாடு இருக்கு."

இருளப்பசாமி மரியாதை தெரிந்த மனிதர். போன வீட்டில் எப்படிப் பரிமாறுகிறார்களோ அப்படியே சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. கையைக் கழுவிவிட்டு வந்து, சுவரிலிருந்து ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"வேம்பார் உப்பு," என்றார் திரவியம்.

"அதானே பாத்தேன். நம்ம கடலு."

கொலுசுச் சத்தம் அடுப்படிக்குள் வந்து அருமைநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"நான் வந்து இவ்வளவு நேரமாச்சு, திரும்பவே மாட்டேங்கிறீங்க. என்னைப் பாக்கப் பிடிக்கலையா?"

"பாக்கணும்னுதான் இருக்கு. சட்டியில இருந்து கண்ணை எடுக்கக் கூடாதுன்னு மதினி சொல்லியிருக்காங்க."

"எதுவரைக்கும்?"

"அதைச் சொல்லாமப் போயிட்டாங்க."

மதிவதனியின் கை நீண்டு அடுப்பை அணைத்தது. துணியைப் பிடித்துச் சட்டியை மெதுவாகத் தூக்கியது. அவன் கண்ணும் கூடவே போனது. சட்டி உயர்ந்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சட்டியைப் பார்த்தபடியே அருமைநாயகம் அவளையும் பார்த்தான். கண்ணில் நீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி எல்லாம் சீஸ்.

அவள் சட்டியில் இருந்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "துளிகூட அடி பிடிக்கலை. நல்லா இருக்கு," என்றாள். "எனக்குச் சம்மதம்."

சட்டியோடு முன்னறைக்குப் போய், சுவரிலிருந்து உரித்துத் தொட்டுக்கொண்டு எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். பார்க்க வந்த சொர்ணம் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதையும் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க இருளப்பசாமியும் அண்ணன் தம்பிகளும் சேர்ந்தே போனார்கள். மேனேஜர் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்து, ஒரு பந்திக்கு இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம் என்றார்.

அவர்கள் நாற்காலிப் பக்கமே திரும்பவில்லை. திரவியம் சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்தார். இருளப்பசாமி கையைத் தூக்கி எட்டுகிறதா என்று பார்த்தார். பிச்சைக்கனி பரணைத் தேடினான்.

"சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் திரவியம் கடைசியில். "ஆனா இத்தனை ஜன்னல் வச்சிருக்கீங்களே. அந்த இடத்துக்கு நேரா நிக்கிறவங்க எதைச் சாப்பிடுவாங்க?"