வைத்தியர் கேட்ட இஞ்சி

ஜமீன்தாருக்கு வயிறு உப்பியபோது சமையற்காரி மூக்காயி இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தாள். உடனே குணமானது. அரண்மனை வைத்தியர் சபாபதிக்குப் பொறுக்கவில்லை.

“மருந்தைத் தொட இவள் யார்? இனிமேல் மருந்துப் பொருள் எதுவும் சமையலில் விழக்கூடாது. விழுந்தால் இவளுக்கு வேலை கிடையாது!”

ஜமீன்தாரும் தலையாட்டினார்.

“உத்தரவுங்க,” என்றாள் மூக்காயி.

மறுநாள் மொச்சைக் குழம்பு வெறும் உப்பும் புளியுமாக வந்தது.

“என்னடி இது?” என்று வைத்தியர் கத்தினார்.

“இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாமே மருந்துதானுங்களே!”

வைத்தியர் வீம்புக்கு மூன்று கிண்ணம் தின்றார். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்தார்.

“மூக்காயி, கொஞ்சம் இஞ்சிச் சாறு கொடும்மா!”

“ஐயோ, நான் மருந்தைத் தொடலாமுங்களா? நல்ல வைத்தியராப் பார்த்துக் கேளுங்க!”

பின்னால் நின்ற ஜமீன்தார் சிரித்த சிரிப்பில் உத்தரவு அங்கேயே செத்தது.