மேரி மாட்டிய சர்க்யூட்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பாடநூல். அதில் பேராசிரியர் ஞானவரதன் போட்ட சர்க்யூட் படத்தில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. லேப் உதவியாளர் அற்புதமேரி மூன்று முறை திருத்தினாள். மூன்று முறையும் அவர் பழையபடியே மாற்றிவிட்டார். அடுத்த வாரம் மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் சர்க்யூட் மாட்ட வேண்டும்.

"தப்புன்னு என் வாயாலயே சொல்ல வை, அப்புறம் திருத்து" என்றார், வகுப்பு முழுக்கக் கேட்க.

மறுநாள் மேரி ஒரு சர்க்யூட்டை மேசையில் வைத்தாள். "நீங்களே சுவிட்சைப் போடுங்க சார்."

கை நீட்டியவர் சட்டென்று பின்வாங்கினார். "ஏம்மா, கெப்பாசிட்டரைத் தலைகீழா மாட்டியிருக்கியே. போட்டா மூஞ்சியிலயே வெடிக்கும்."

"உங்க படத்தைப் பார்த்துத்தான் சார் மாட்டினேன்."

வகுப்பே சிரித்தது. மேரி கம்ப்யூட்டரில் பாடநூலைத் திறந்தாள். "தப்பைக் கண்டுபிடிச்சவர் பேர் கேக்குது சார். உங்க பேரையே போட்டுடட்டுமா?"