கம்பத்துக்குத் தண்ணீரும் கடல் கடந்த சால்வையும்

கதை கேட்க உட்காருகிறவர்களுக்கு முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இதன் முடிவில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. பாதியில் கொட்டாவி விடுகிறவர்கள் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சங்ககிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் தெய்வாத்தாள் என்றொரு தாய். அவளுடைய ஒரே மகன் அமெரிக்காவில் படிக்கப் போய், பனியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் மார்கரெட்டுக்கு எண்பது வயது. அவள்தான் அவனைத் தூக்கி உட்காரவைத்து, போனில் தெய்வாத்தாள் சொல்லச் சொல்ல ரசம் வைத்து, சோறு ஊட்டினாள். பெற்றவள் செய்ய வேண்டியதை முன்பின் தெரியாதவள் செய்தாள். அவள் கையைப் பிடித்து ஒரு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதே தெய்வாத்தாளின் ஆசை. அந்த அம்மாளுக்கோ உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது.

கணவர் நாச்சிமுத்துவும் அவளும் சுற்றுலா விசாவுக்கு ஒருமுறை விண்ணப்பித்து, கிடைக்காமல் திரும்பியிருந்தார்கள். "மகன் அங்க இருக்கறான். போனா அங்கேயே தங்கிருவீங்கன்னு நெனைக்கறாங்க. போறதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். திரும்பி வருவீங்கன்னு அவங்க நம்போணும், அதுதான் விசயம்" என்றார் டிராவல்ஸ் பிரபாகர். அவரே இரண்டாம் முறையும் காகிதங்களைக் குறையில்லாமல் அடுக்கித் தந்தார்.

சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் ஊர் மாரியம்மன் நோன்பைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டுக்கு நாள் குறித்தார்கள். நேர்காணல் அந்த நோன்பு நாட்களுக்கு நடுவில் விழுந்தது. மகன் எழுந்து நடந்தால் காப்புக் கட்டிக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வேண்டியிருந்தாள் தெய்வாத்தாள். மகன் நடந்துவிட்டான். காப்புக் கட்டியவள் காலையும் மாலையும் கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; இரவு ஊர் எல்லைக்குள்தான் தூங்க வேண்டும்.

"காப்பைக் கழட்டி வெச்சுட்டுப் போலாம், வந்து கட்டிக்கோ" என்றார் நாச்சிமுத்து. கழற்றாவிட்டாலும் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளச் சொன்னார் பிரபாகர்; மஞ்சள் கயிற்றைப் பார்த்து அதிகாரி எதையாவது கேட்டுவைத்தால் வம்பு என்பது அவர் கவலை.

தெய்வாத்தாள் இரண்டுக்கும் இணங்கவில்லை. "மகன நடக்க வெச்ச ஆத்தாளுக்குப் பாக்கி வெச்சுட்டு, சோறு போட்ட அம்மாளுக்கு நன்றி சொல்லப் போறதா? ரண்டு பேரும் எனக்கு ஒண்ணுதானுங்க."

இனி அவளுடைய நங்கையாள், அதாவது நாச்சிமுத்துவின் அக்கா ராமாயி. இந்தப் பயணமே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடலைத் தாண்டிப் போய்த்தான் கும்பிட வேண்டுமா என்று வீடு அதிரக் கேட்டவள். ஆனால் நேர்காணல் நாளன்று, விடியுமுன் முதல் குடம் ஊற்றிவிட்டு வந்த தெய்வாத்தாளிடம் அவள் சொன்னது வேறு. "சாயங்காலத் தண்ணிக்கு வந்துரு புள்ள. ரயிலு எந்நேரமானாலும் சரி, கோயில் நடையச் சாத்த உடமாட்டேன். கொடத்த நெறச்சுக்கிட்டு நான் எல்லையில நிக்கறேன். நீ தெகிரியமாப் போ."

தூதரகச் சன்னலில், மொழிபெயர்ப்பாளர் மூலமாக, அதிகாரி கேட்டது பழைய கேள்விதான். மகன் அங்கிருக்க, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது?

நாச்சிமுத்து தாம் மனப்பாடம் செய்திருந்த சுற்றுலா இடங்களை ஒப்பிக்கத் தொடங்கினார். அருவி, சிலை, பாலம், மறுபடி அருவி. அதிகாரியின் கண் தெய்வாத்தாளின் மணிக்கட்டுக்குப் போனது. அது என்ன என்று கேட்டார்.

"காப்புங்க. கட்டினா ராத்திரி ஊருக்குள்ளதான் படுக்கோணும். வெரசாக் கேட்டு முடிச்சுட்டீங்கன்னாத் தேவலீங்க, எனக்கு ரயிலு இருக்குது."

"இன்றைக்கே அவ்வளவு தூரம் திரும்பிவிடுவீர்களா?"

"திரும்பாம? எங்க நங்கையா கொடத்தோட நிப்பாங்க."

"அமெரிக்காவிலிருந்து?"

"அங்க எனக்கென்னங்க வேல? அந்தம்மா கையப் புடிச்சு ஒரு கும்புடு போட்டேன்னா, வந்துருவேன்."

அதிகாரி சிரித்தார். இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

ரயில் தாமதமாகத்தான் வந்தது. ஊர் எல்லையில், பூசாரியோடு சண்டை பிடித்து நடையைத் திறந்தே வைத்துவிட்டு, தளும்பும் குடத்தோடு ராமாயி நின்றிருந்தாள். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மொதல்ல தண்ணி ஊத்து" என்றாள்.

நோன்பு முடிந்து காப்பை அவிழ்த்த பிறகு தெய்வாத்தாள் கடல் கடந்து போனாள். மார்கரெட்டின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் நன்றாக அழுதார்கள். விடைபெறும்போது மார்கரெட் தன் கையால் பின்னிய கம்பளிச் சால்வை ஒன்றைக் கொடுத்தாள். "உன்னை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ, அவருக்கு இது" என்று மகன் வழியாகச் சொன்னாள்.

சால்வை ஒன்று. காகிதம் அடுக்கிய பிரபாகர், கூடவே அலைந்து பதில் சொன்ன நாச்சிமுத்து, போகாதே என்று கத்திய ராமாயி என்று ஆட்கள் மூவர். சொல்லுங்கள், அந்தச் சால்வை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ராமாயிக்கு. பிரபாகரும் நாச்சிமுத்துவும் நல்லவர்கள், உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அதிகாரி அந்தக் காப்பைப் பார்த்தே இருக்க மாட்டார். அவர் கேட்டது திரும்பி வருவதற்கு ஓர் ஆதாரம். "நங்கையா நிப்பாங்க" என்பதுதான் தெய்வாத்தாள் கொடுத்த ஆதாரம். தனக்காக ஒருத்தி எல்லையில் காத்து நிற்பாள் என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் அவள் வாயில் அந்தப் பதில் தயங்காமல் வந்தது. பயணமே பிடிக்காதவள், சொன்ன சொல்லுக்காகக் குடத்தோடு நின்று அந்தப் பதிலை மெய்யாக்கினாள். சித்திரை வெயிலில் தெய்வாத்தாள் அந்தச் சால்வையைப் போர்த்திவிட்டபோது, "இந்த வேக்காட்டுல கம்பளி எதுக்குடி?" என்று ராமாயி கத்தினாள். ஆனால் அன்று சாயங்காலம் வரை அதைக் கழற்றவில்லை.