கார் டிக்கிக்கு வந்த கான்கிரீட்

ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்கிரீட் பம்பு கழுவுகிறவள் செல்லக்கிளி. அன்று தளம் போட்டு முடிந்ததுமே மேனேஜர் குணபாலன் கத்தினார்.

"கழுவ நேரமில்ல! அப்படியே அடுத்த சைட்டுக்கு வண்டியை எடுங்க!"

"குழாயில மிச்சம் இருக்கு சார். இறுகிப்போனா பழி என் தலையிலதான் விழும்."

"போற வழியில ஒண்ணும் இறுகாது!"

செல்லக்கிளி குழாயில் மிச்சமிருந்த ஈரக் கான்கிரீட்டை வாளியில் அள்ளிக்கொண்டு போய், திறந்திருந்த அவருடைய புதுக் காரின் டிக்கியில் சாய்க்கப் போனாள்.

"ஐயோ, என்ன பண்றே?"

"இதையும் அங்க போயே கழுவிடறேன் சார். இறுகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"முதல்ல பம்பைக் கழுவித் தொலை!" என்றார் மேனேஜர்.

குழாயில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அவள் விடவில்லை. மேனேஜரும் அதுவரை டிக்கியை அழுத்தி மூடியபடியே நின்றார்.